கசகசாவும் ரைஹானும் கொம்பனியும்: ஒரு பச்சைச் சம்பலின் கதை



பெருநாளுக்கு அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்த சாச்சி, மேசையில் இருந்த பச்சைச் சம்பலை மிஞ்சிச் சம்பல் என்று நினைத்து புரியாணிக்குப் பக்கத்தில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார். "இது மிஞ்சி இல்லையே. கசகசாச் செடி வாசம் அடிக்குது. வெள்ளைப்பூடும் கிடக்குது. இதென்ன, யார் செய்தது?" என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி. அது கசகசாச் செடியின் இலைதான். இத்தாலிக்காரர் அதைப் பெஸ்டோ என்கிறார்கள். பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "எங்கட பல்கனியில இருக்கிற செடிதானே அது, ஏன் நாங்க செய்யேலாது?" என்று கேட்டதால் செய்தோம். சாச்சி மிச்சத்தைப் பாணில் பூசிச் சாப்பிட்டார், போகும்போது ஒரு சின்னப் போத்தலில் வாங்கிக்கொண்டும் போனார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்று நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. செய்தது யார் என்பதைச் சொன்னோம். இது என்ன என்பதைச் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு. நீளமானது, தேநீரோடு உட்காருங்கள்.

முதலில் செடி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் வரிசை, எண்ணெய் வரிசை, பால்மா வரிசை. அந்த ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து, வீட்டுத்தோட்டம் செய்து உணவு பயிரிடுங்கள் என்றார்கள். யோசனை நல்லதுதான். கொம்பனித்தெருவில் யாருக்குத் தோட்டம் இருக்கிறது என்று கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை. பழைய வீடுகளில் ஒரு நடுமுற்றமும், கிணற்றடியில் ஒரு பப்பாசியும், ரம்பையும் கறிவேப்பிலையும் இருந்த காலம் உண்டு. தொடர்மாடிக்கு வந்த பிறகு எங்களுக்கு இருப்பது நான்கடி பல்கனி. அதிலும் பாதி உடுப்புக் காயப்போட.

அந்த வருடம் நோன்பு ஏப்ரலில் வந்தது. சர்பத்துக்கு வாங்கிய கசகசாவில் ஒரு பிடி மிஞ்சிக் கிடந்தது. அதை யோகட் கோப்பையில் மண் போட்டுத் தூவினோம். ஐந்தாறு நாளில் முளைத்துவிட்டது. கடையில் வாங்கிய கசகசா முளைக்கும் என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரியும். ஐஸ்கிறீம் போட்ட பலூடாவில் தவளை முட்டை மாதிரி மிதக்கும் அந்தக் கறுப்பு மணிகள் ஒரு செடியின் விதை என்று யாரும் யோசித்ததில்லை. அது ஒரு குடிபானச் சாமான், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, சொல்லாவிட்டால் மறந்துபோகும். தமிழ்நாட்டில் கசகசா என்றால் வேறு. அது குருமாவில் அரைத்துப் போடும் வெள்ளை மணி, அபின் செடியின் விதை. நாங்கள் கசகசா என்று சொல்வதை அங்கே சப்ஜா என்பார்கள். இந்தியாவில் இருந்து வரும் சமையல் குறிப்பைப் பார்த்துவிட்டு எங்கள் கசகசாவைக் கறியில் அரைத்துப் போட்டால் கறி வழுவழுவென்று கஞ்சியாகிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து, வளைகுடா நாடுகள் சிலவற்றில் அபின் விதை தடைசெய்யப்பட்ட பொருள். எமிரேட்ஸ் அதில் ஒன்று. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு நோன்புக்குச் சாமான் கட்டி அனுப்பும்போது பைக்கற்றின் மேல் கையால் கசகசா என்று எழுதி அனுப்பாதீர்கள். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது சுலபமல்ல.

பெயரைப் பற்றித் தொடங்கிவிட்டோம், அதையே பிடித்துக்கொண்டு போவோம். இந்தச் செடிக்குத் தமிழில் நல்ல பழைய பெயர் உண்டு, திருநீற்றுப்பச்சை. யாழ்ப்பாணத்தார் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். துளசிக்குச் சகோதரம், ஒரே குடும்பம், ஆனால் துளசி அல்ல. சிங்களத்தில் சுவந்த தலா, அதாவது வாசனையுள்ள தலா. மலாய் மொழியில் செலாசி. ஐரோப்பியர் வைத்த பேசில் என்ற பெயர் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. அங்கே பசிலியஸ் என்றால் அரசன். அரபியில் ரைஹான்.

ரைஹான் என்ற பெயரை எங்கள் வகுப்பறைகளில் கூப்பிட்டுப் பாருங்கள், குறைந்தது ஒரு ரைஹானும் ஒரு ரைஹானாவும் எழுந்து நிற்பார்கள். பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம், செடியை அடையாளம் தெரியாது. திருக்குர்ஆனில் ஸூரா அர்ரஹ்மானில் 12ஆம் வசனத்திலும், ஸூரா அல்வாகிஆவில் 89ஆம் வசனத்திலும் இந்தச் சொல் வருகிறது. இதைச் சொன்னதும், குர்ஆனில் சொல்லப்பட்ட அற்புத மூலிகை, நாற்பது நோய்க்கு மருந்து என்று யாராவது ஒரு படம் செய்து குழுக்களில் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அரபியில் ரைஹான் என்பது நறுமணமுள்ள எந்தச் செடியையும் குறிக்கும் பொதுச்சொல். தப்ஸீர் எழுதிய அறிஞர்கள் அந்த வசனத்துக்கு மணமுள்ள தாவரம் என்றும், வாழ்வாதாரம் என்றும் வெவ்வேறு விளக்கம் தந்திருக்கிறார்கள். இன்றைக்கும் அரபு உலகின் ஒரு பக்கத்தில் ரைஹான் என்றால் எங்கள் கசகசாச் செடி, மொரோக்கோப் பக்கம் போனால் அதே சொல் வேறொரு புதரைக் குறிக்கும், எங்கள் செடியை அவர்கள் ஹபக் என்பார்கள். ஆகவே வசனத்தில் வருவது இந்தத் தொட்டியில் நிற்பதுதான் என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் எங்களுக்குப் பிடிக்கும். ஒருவருக்கு ரைஹான் கொடுக்கப்பட்டால் அவர் அதை மறுக்க வேண்டாம், அது சுமக்க இலகுவானது, மணம் நல்லது என்ற கருத்தில் அது அமைந்திருக்கிறது. இன்னொரு ஹதீஸ் கொஞ்சம் கடுமையானது. குர்ஆனை ஓதும் நயவஞ்சகனுக்கு உவமையாக ரைஹானைச் சொல்கிறது. மணம் இனிது, சுவை கசப்பு. இந்த இரண்டாவது ஹதீஸைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், சம்பல் அரைக்கும்போது திரும்ப வருவோம்.

விதை எங்களிடம் எப்படி வந்தது? பலூடா பாரசீகத்துப் பண்டம், அங்கே அதன் பெயர் பாலூதே. மொகலாயர் காலத்து வட இந்தியா, பிறகு பம்பாய், பிறகு கொழும்பு. எங்கள் நகரத்தில் பலூடா விற்ற பழைய கடைகள் பலவற்றின் பெயரிலேயே பம்பாய் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாரசீகத்தில் துக்ம் என்றால் விதை. ரைஹான் விதைக்கு வட இந்தியக் கடைகளில் துக்மரியா என்று பெயர். துக்மே ரைஹான் என்பதை வேகமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்.

இனி ஜெனோவா. வரைபடத்தில் இத்தாலியின் மேற்குக் கரையில், மேலே, வளைவுக்குள் இருக்கும் துறைமுக நகரம். கொழும்பு மாதிரியே வணிகராலும் கப்பலாலும் வளர்ந்த ஊர். மலை பின்னால் நெருங்கி நிற்பதால் அங்கேயும் நிலம் குறைவு, படிக்கட்டு மாதிரி வெட்டிய துண்டு நிலங்களிலும் ஜன்னல் தொட்டிகளிலும் பேசிலை வளர்த்தார்கள். பெஸ்டோ என்ற சொல்லுக்கு இடித்தது என்பதுதான் பொருள், இடி என்ற வினையில் இருந்து வந்தது. எங்கள் இடிசம்பல் என்ற சொல்லுக்கு நேர் அண்ணன். வெள்ளைப்பூடு, சீஸ், மூலிகை மூன்றையும் உரலில் இடித்துப் பாணோடு சாப்பிடுவது உரோமர் காலத்திலேயே அந்த நாட்டில் இருந்தது. பேசில் முதன்மையான இலையாக நின்ற இன்றைய வடிவம் அவ்வளவு பழையதல்ல. அச்சில் வந்த மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று 1860களில் ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ வெளியிட்ட ஜெனோவாச் சமையல் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தச் செய்முறையைப் பார்த்தபோதுதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வெள்ளைப்பூடு, பேசில், அது கிடைக்காவிட்டால் வேறு இரண்டு மூலிகைகள், பைன் கொட்டை, கொஞ்சம் பட்டர், நிறைய நல்ல எண்ணெய். அதோடு இரண்டு வகைச் சீஸ். ஒன்று இத்தாலியின் பார்மசான். மற்றது ஒல்லாந்துச் சீஸ்.

ஒல்லாந்துச் சீஸ்! இத்தாலியர் இன்று உலகத்துக்கே பாடம் நடத்தும் பெஸ்டோவில், இதைத்தான் போட வேண்டும் அதைப் போடக்கூடாது என்று சண்டை பிடிக்கும் பெஸ்டோவில், ஒரு காலத்தில் ஒல்லாந்தரின் சீஸ் இருந்திருக்கிறது. காரணம் கஷ்டமானதல்ல. எடாம் போன்ற ஒல்லாந்துச் சீஸ் உருண்டையாக, கெட்டியாக, உப்பேறி இருக்கும். மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தாலும் பழுதாகாது. ஒல்லாந்தரின் கப்பல் போன துறைமுகம் எல்லாம் அந்தச் சீஸும் போனது. கொழும்புக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பறங்கியர் நத்தாருக்கு ப்ரூடர் கேக்கோடு சிவப்பு மெழுகு பூசிய எடாம் உருண்டையை வெட்டுவது அந்தக் கப்பலின் மிச்சம்தான்.

அந்தக் கப்பல்களின் முதலாளி யார்? 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. 1656இல் போர்த்துக்கேயரிடம் இருந்து கொழும்பைப் பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுப்போன கொம்பனி. எங்கள் தெருவின் பெயரில் இருக்கும் கொம்பனியும் அதுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் பெஸ்டோவைக் கொஞ்சம் மூடி வைப்போம்.

கோட்டையில் வேலை வாங்கிய அடிமைகளை ஒல்லாந்தர் இரவில் இந்தப் பக்கம் கொண்டுவந்து அடைத்தார்கள். அப்போது இது வாவியின் நடுவே நின்ற நிலம், தப்பி ஓடுவது சுலபமல்ல. ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள், இந்தியக் கரைகளில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள், கிழக்கே தீவுகளில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஆங்கிலேயர் இதற்கு அடிமைத் தீவு என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள், இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் பஸ் பலகையிலும் புகையிரத நிலையத்திலும் தங்கிவிட்டது. அண்மையில்தான் ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே எழுத வேண்டும் என்று முடிவானது.

பலர் சந்தோஷப்பட்டார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முகவரியில் அடிமை என்று எழுதுவது யாருக்குப் பிடிக்கும்? எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி உள்ளுக்குள் கிடக்கிறது. ஆங்கிலப் பெயரில் அடிமை இருந்தான். தமிழ்ப் பெயரிலும் சிங்களப் பெயரிலும் அவனை வைத்திருந்த கொம்பனி இருந்தது. இப்போது மூன்று மொழியிலும் கொம்பனி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது, "அப்ப அடைச்சு வைச்ச ஆக்களுக்கு இங்க ஒரு பெயர்ப்பலகையும் இல்லையா?" இல்லை. எங்களுக்குத் தெரிந்து இல்லை.

கொம்பனி இங்கே கொண்டுவந்தது அடிமைகளை மட்டுமல்ல. ஜாவாவிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் தன்னை எதிர்த்த அரசர்களையும் அறிஞர்களையும் நாடுகடத்தி இலங்கைக்கு அனுப்பியது. மக்காஸரின் ஷெய்க் யூஸுப் அவர்களை 1684இல் இங்கே கொண்டுவந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, இங்கிருந்தே மார்க்க நூல்களை எழுதினார், ஹஜ்ஜுக்குப் போய்வரும் தம் நாட்டவர் வழியாக அவை ஊருக்குப் போயின. இங்கே இருந்தாலும் ஆபத்து என்று பயந்து கொம்பனி அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பியது, 1694இல் கேப் போய்ச் சேர்ந்தார். ஜாவாவின் மத்தாராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் பிடிபட்டு இங்கே அனுப்பப்பட்டு, இங்கேயே காலமானார். இவர்களோடு குடும்பம், பணியாட்கள். பிறகு படைவீரர்கள். ஆங்கிலேயர் காலத்தில் அவர்களைக் கொண்டே மலாய்ப் படையணி அமைந்தது, அது பின்னர் இலங்கை ரைபிள் படையணியாகி 1873இல் கலைக்கப்பட்டது. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்று நாங்கள் தினமும் நடக்கும் பெயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வேகந்தப் பள்ளிவாசல் 1786இல் பண்டான் பாலி என்ற மலாய்ச் சகோதரர் கட்டியது.

அவர்கள் எங்களுக்குக் கொண்டுவந்த சொத்துக்களில் ஒன்றை நாங்கள் தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறோம், அதற்கு நன்றி சொன்னதே இல்லை. சம்பல் என்ற சொல். அது மலாய்ச் சொல். தேங்காயும் மிளகாயும் வைத்து அரைப்பதை இந்தியத் தமிழர் சட்னி, துவையல் என்பார்கள். நாங்களும் சிங்களவரும் சம்பல், சம்போல என்கிறோம். சீனிச் சம்பல், கட்டச் சம்பல், மிஞ்சிச் சம்பல், எல்லாவற்றின் கடைசிச் சொல்லும் ஜாவாக் கடல் தாண்டி வந்தது. வட்டிலப்பத்தை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், பாபத்தையும் ஒத்துக்கொள்கிறார்கள், சம்பலை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

செலாசிக்கு வருவோம். ஜாவாவில் இந்தச் செடியின் விதையைக் குளிர்பானத்தில் போடுவார்கள், நாங்கள் செய்வது போலவே. இதன் சகோதரச் செடியான கெமாங்கியின் இலையைப் பச்சையாகச் சம்பலோடு கடித்துச் சாப்பிடுவார்கள். பூவோடு கூடிய தண்டைக் கப்ர் ஸியாரத்துக்குக் கொண்டுபோகும் வழக்கமும் அங்கே உண்டு. அதாவது விதை, இலை, பூ மூன்றுக்கும் அவர்களிடம் வேலை இருந்தது. இங்கே வந்த பிறகு எது நிலைத்தது, எது மறைந்தது? படையணியில் யார் எந்தப் பதவியில் இருந்தார் என்பதற்கு ஏடு இருக்கிறது. பாபா யூனுஸ் ஸல்தீன் 1869இல் அரபு எழுத்தில் மலாய் மொழியிலேயே அலாமத் லங்காபுரி என்று கொழும்பில் பத்திரிகை நடத்தினார், அந்தக் காலத்தில் அது சின்ன வேலையா! ஆனால் ஒரு நெனே தன் முற்றத்தில் என்ன நட்டார், அம்மியில் எந்த இலையை வைத்தார் என்பது ஏட்டில் ஏறவில்லை. அது வீடுகளில் மட்டும் இருந்தது. வீடுகளோடு போகவும் தொடங்கிவிட்டது.

சரி, மூடியைத் திறப்போம். செய்முறை கேட்டவர்களுக்கு:

இரண்டு கை நிறைய இலை, தண்டு இல்லாமல். கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக விடவேண்டும், ஈரம் இருந்தால் சம்பல் நீர்த்துவிடும். வெள்ளைப்பூடு ஒரு பல்லோ இரண்டோ, எங்கள் கைப்பழக்கத்துக்கு ஆறு போடத் தோன்றும், போடாதீர்கள். புத்தளத்துக் கல்லுப்பு ஒரு சிட்டிகை. தூள் உப்பைவிடக் கல்லுப்பே நல்லது, அது மணல் மாதிரி நின்று இலையை அரைத்துக்கொடுக்கும். பைன் கொட்டையின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் கஜு போட்டோம், இரண்டு மேசைக்கரண்டி, வறுக்காமல். முதலில் பூடும் உப்பும், பிறகு கஜு, பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக. குத்துவதைவிட உரலின் பக்கத்தில் வைத்துச் சுற்றித் தேய்க்க வேண்டும். பிறகு துருவிய சீஸ் நான்கைந்து கரண்டி, கடைசியாக ஒலிவ் எண்ணெய் அரைக் கோப்பை அளவில், சொட்டுச் சொட்டாக. ஒலிவ் எண்ணெய் கட்டாது என்றால் சூரியகாந்தி எண்ணெய் பாதி கலக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாங்கள் முயன்று பார்த்தோம், தலைக்கு வைத்த வாசம் வந்தது.

சீஸ் பற்றி ஒரு வார்த்தை. அசல் பார்மசானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் வயிற்றில் இருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் பாவிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இதில் உலமாக்களிடையே கருத்துவேறுபாடு உண்டு, நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஹலால் முத்திரை பார்த்து வாங்கும் சாதாரணக் கெட்டிச் சீஸே போதும். எடாம் கிடைத்தால் 1860களின் ஜெனோவாச் செய்முறைக்கு இன்னும் கிட்ட வந்துவிடுவீர்கள், உள்ளூர்ச் சீஸ் என்று யாரும் குறை சொல்லவும் முடியாது.

பிளென்டரில் அடிக்கலாமா? அடிக்கலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் பிளேட்டின் வேகத்தில் இலை சூடாகி, காற்றும் புகுந்து, பச்சை கறுத்து ஒரு மாதிரியான புல் வாசம் வரும். உரலில் இடித்தது பச்சையாகவே இருக்கும். நாங்கள் மூத்தம்மாவின் கல்லுரலை எடுத்தோம். பழைய வீட்டில் இருந்து வந்த சாமான்களில் தூக்கமுடியாமல் தூக்கிவந்தது அது ஒன்றுதான். ஏழாம் மாடியில் இரவு எட்டு மணிக்கு இடிக்கத் தொடங்கினால் ஆறாம் மாடியில் என்ன நடக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் கீழ்வீட்டு அங்கிள் கதவைத் தட்டினார், "வீடு உடைக்கிறீங்களா?" என்று. உரலுக்குக் கீழே பழைய தொழுகை விரிப்பு வேண்டாம், சாக்கையும் துவாயையும் நான்காக மடித்துப் போடுங்கள், சத்தம் பாதி குறையும். இடிப்பதை விடத் தேய்ப்பது அக்கம்பக்கத்துக்கும் நல்லது. அங்கிளுக்கும் ஒரு போத்தல் போனது.

ஜெனோவாப் பக்கத்தில் இதைப் பாஸ்டாவோடு உருளைக்கிழங்கும் போஞ்சியும் சேர்த்து அவித்துக் கலக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கோடுதான் முதலில் தீர்ந்தது.

இப்போது அந்தக் கசப்பு. எங்கள் முதல் பெஸ்டோ கசந்தது. காரணம், செடி பூத்துவிட்டது. பூ அழகாக இருக்கிறது, விதை வரட்டும், அடுத்த நோன்புக்குச் சர்பத்துக்கு ஆகும் என்று நாங்கள் விட்டுவைத்தோம். இத்தாலிக்காரர் பூங்கொத்து தலைகாட்டியதும் கிள்ளிவிடுவார்கள். பூக்க விட்டால் செடி தன் பலத்தை எல்லாம் விதைக்குக் கொடுக்கும், இலை சிறுத்துத் தடித்துக் கசக்கும். மணம் மட்டும் குறையாது. அன்று அந்தக் கசப்பை வாயில் வைத்தபோது, நயவஞ்சகனைப் பற்றிய அந்த ஹதீஸின் உவமை எவ்வளவு நுட்பமானது என்று உம்மா சொன்னார். செடியை நட்டு, மணந்து, மென்று பார்த்தவர்களுக்குச் சொன்ன உவமை அது. நாங்கள் அதைத் தாளில் மட்டும் படித்திருந்தோம்.

எனவே ஒரே செடியில் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. இலை வேண்டுமா, விதை வேண்டுமா என்று தொட்டி வைக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஜெனோவா இலையைத் தேர்ந்தது, 2005இல் தன் பேசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பும் வாங்கிக்கொண்டது. பாரசீகமும் பம்பாயும் கொழும்பும் விதையைத் தேர்ந்தன. ஜாவா இரண்டையும் வைத்துக்கொண்டது. நாங்கள் இப்போது இரண்டு தொட்டி வைத்திருக்கிறோம். ஒன்றைக் கிள்ளுகிறோம், மற்றதைப் பூக்க விடுகிறோம். விதைத் தொட்டியில் தேனீ வருகிறது, ஏழாம் மாடிக்கு!

வளர்ப்பு விவரமும் கேட்டிருந்தார்கள். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், மேலே தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். நனைந்ததும் சர்பத்தில் செய்வது போலவே ஒரு வழுவழுப்பை உடுத்திக்கொள்ளும், அதில் தன் தண்ணீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இரண்டாகக் கிளைக்கும். காலை வெயில் படும் பக்கம் நல்லது. கடற்காற்று நேரே அடிக்கும் பல்கனியில் இலை கருகும், உடுப்புக் கொடிக்குப் பின்னால் வையுங்கள்.

வீடுகளைப் பற்றிச் சொன்னதை முடிக்கவில்லை. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்ட நாளை எங்களில் பலர் பார்த்தோம். அதன் பிறகு ஜாவா ஒழுங்கைப் பக்கம், கிளெனி வீதிப் பக்கம். புதிய வீடு கிடைத்தவர்கள் உண்டு, வருடக்கணக்கில் வாடகைக்கு அலைந்தவர்கள் உண்டு, ஊரைவிட்டே போனவர்கள் உண்டு. மாடி வீட்டில் குளியலறை நன்றாக இருக்கிறது, மழைக்கு வெள்ளம் வருவதில்லை, நன்றியில்லாமல் பேசவில்லை. ஆனால் மாடிக்கு ஏறாதவற்றின் பட்டியலை யாரும் எழுதவில்லை. அம்மி ஏறவில்லை. கிணற்றடி ஏறவில்லை. முற்றத்துச் செடிகள் ஏறவில்லை, அவற்றின் பெயர்களும் ஏறவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு பேசில் தெரியும், தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். திருநீற்றுப்பச்சையும் செலாசியும் தெரியாது.

ஆகவே ஒரு உதவி கேட்கிறோம். நானாமார், தாத்தாமார், முக்கியமாக மலாய்ச் சகோதர சகோதரிகள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை கேளுங்கள். பழைய வீட்டு முற்றத்தில் இந்தச் செடி நின்றதா? அதை என்ன பெயரால் கூப்பிட்டார்கள்? இலையைச் சமையலில் போட்டார்களா, ஸியாரத்துக்குக் கொண்டுபோனார்களா, விதையை மட்டும் எடுத்தார்களா? எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருடம்? ஒரு வரி போதும், குரல் பதிவாக இருந்தாலும் சரி. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை நான்கு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுதும் ஒரே ஒரு நெனே சொன்னது, அவருக்கு வயது எண்பத்தெட்டு, ஆகவே அவசரம் என்பது உங்களுக்குப் புரியும்.

நாற்று பதினான்கு இருக்கிறது, எல்லாம் யோகட் கோப்பையில். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நிற்போம். முதலில் வருபவர்களுக்கு. கோப்பையைத் திருப்பித் தந்தால் நல்லது.